இரண்டாவது எபிசோடுக்கு ஆள் வருமா? திகில் பட வரிசையைத் தொடராக்கும் வேலை

ஒரு பேய்ப்படம் ஓடி, இரண்டாம் பாகம் ஓடி, ஐந்தாவது ஆறாவது பாகத்தில் களைத்துப் போன பிறகுதான் பெரும்பாலும் அந்தப் பேச்சு எழும்: “இதையே தொடராக எடுத்தால் என்ன?” தயாரிப்பாளருக்கு இதில் கணக்கு சுலபம். பெயர் ஊரறிந்தது. போஸ்டரில் அந்த முகமூடியோ பொம்மையோ வீடோ இருந்தால் போதும், முதல் எபிசோடுக்கு ஆள் வந்துவிடும். இரண்டாவது எபிசோடுக்கு ஆளை வரவைப்பது எழுத்தாளர் பாடு. இந்த அத்தியாயம் அந்த எழுத்தாளருக்காக.

முதலில் உங்கள் பார்வையாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தியேட்டரில் இருட்டு உங்கள் பக்கம். கதவு சாத்தியிருக்கிறது, பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள், சத்தம் நெஞ்சில் வந்து மோதுகிறது. ஒன்றரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ள யாராலும் முடியும். தொடர் பார்ப்பவரோ வீட்டில் விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறார். அடுப்பில் பால் இருக்கிறது, குழந்தை தண்ணீர் கேட்கிறது, பயமாக இருந்தால் நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இது போதாதென்று, திகில் படத்தின் பிழைப்பே ஆட்களைச் செலவழிப்பதில்தான் இருக்கிறது. ஏழு பேர் காட்டுக்குப் போனால் ஒருத்தி திரும்பி வருவாள். பத்து மணி நேரக் கதையில் அதே வேகத்தில் செலவழித்தால் நான்காம் எபிசோடில் பேச ஆளிருக்காது. செலவழிக்காமல் கையை இறுக்கினாலோ, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் பயமாவது, ஒன்றாவது.

எம்டிவி 2015-இல் ‘ஸ்க்ரீம்’ படங்களைத் தொடராக்கியபோது இந்தச் சிக்கலை ஒரு பாத்திரத்தின் வாயிலேயே போட்டார்கள். நோவா என்ற மாணவன், திகில் படப் பைத்தியம். கத்திக் கொலைப் படங்களைத் தொடராக்கவே முடியாது என்று முதல் எபிசோடிலேயே வாதாடுகிறான். படம் சட்டென்று எரிந்து முடிகிறது, தொடர் இழுத்தாக வேண்டும் என்பது அவன் கட்சி. அதற்கு அவனே வழியும் சொல்கிறான்: இது திகில் கதை என்பதையே கொஞ்ச நேரம் மறக்க வேண்டும், சாகப் போகிறவர்கள் மேல் நமக்குப் பாசம் வர வேண்டும். சொன்னது சரி. பாசம் எங்கிருந்து வரும் என்பதுதான் எழுத்து அறையில் வாரக்கணக்கில் ஓடும் விவாதம்.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட படத்தின் கதையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிறகு சிவப்புப் பேனாவால் எல்லாக் கொலைகளையும், எல்லாப் பேய்த் தோற்றங்களையும் அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பதைப் படியுங்கள். அங்கே ஒரு மனிதரும் அவருக்கு ஒரு தீராத தேவையும் இருந்தால் தொடர் இருக்கிறது. வெறும் காடும் கூடாரமும்தான் மிச்சம் என்றால், படத்தை நம்பாமல் அந்த மனிதரை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

‘சைக்கோ’வை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். ராபர்ட் பிளாக் 1959-இல் எழுதிய நாவல், ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த படம். பிறகு மூன்று தொடர்ச்சிப் படங்கள் வந்தன. 1987-இல் தொடருக்கான முன்னோட்டமாக ‘பேட்ஸ் மோட்டல்’ என்ற பெயரில் ஒரு டிவி படமும் எடுத்தார்கள், அது தொடராக வளரவில்லை. கொலைகளை அடித்துவிட்டால் ‘சைக்கோ’வில் என்ன மிச்சம்? நெடுஞ்சாலை இடம் மாறிப்போனதால் ஆள் வராத ஒரு தங்கும் விடுதி. மேட்டில் ஒரு வீடு. அம்மாவை விட்டுப் பிரிய முடியாத ஒரு மகன். அந்த அம்மா, படம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே செத்துப்போனவள். உயிரோடு அவளுக்கு ஒரு காட்சி கூட இல்லை. ஆனால் படம் முழுக்க அவளைப் பற்றித்தான்.

கார்ல்டன் கியூஸும் கெர்ரி எரினும் உருவாக்கி 2013-இல் ஏ அண்ட் இ சேனலில் வந்த ‘பேட்ஸ் மோட்டல்’ செய்த பெரிய காரியம், அந்தச் செத்த அம்மாவைக் கதாநாயகி ஆக்கியது. வேரா ஃபார்மிகா நடித்த நார்மா, பதின்வயது மகன் நார்மனை அழைத்துக்கொண்டு புது ஊருக்கு வந்து, கையிலிருந்ததையெல்லாம் போட்டு விடுதியை வாங்குகிறாள். காலம் இன்றைய காலம், கையில் செல்போன் இருக்கிறது. இவள் சாவாள், மகன் அவள் உடலை வைத்துக்கொள்வான் என்று பார்வையாளருக்கு முதல் காட்சியிலேயே தெரியும். தெரிந்துகொண்டே, இவள் தப்பிக்கக் கூடாதா என்று ஏங்க வைத்தார்கள். என்ன நடக்கும் என்பதை ஒளித்துவைத்து உண்டாக்கும் பயம் ஒரு முறைதான் வேலை செய்யும். இந்த ஏக்கமோ நான்கு சீசன் ஓடியது.

இதை அவர்கள் எந்த அளவுக்குக் கிட்டத்தில் போய்ச் செய்தார்கள் என்பதற்குப் பெரிய காட்சிகளைத் தேட வேண்டாம், அந்த நெடுஞ்சாலையைப் பாருங்கள். படத்தில் அது நார்மன் சொல்லும் ஒரு வரி: சாலையை மாற்றிவிட்டார்கள், ஆள் வருவதில்லை. தொடரில் நார்மா விடுதியை வாங்கிய பிறகுதான் புறவழிச்சாலை வரப்போவது அவளுக்குத் தெரிய வருகிறது. அவ்வளவுதான், அந்த ஒரு வரி ஒரு பெண்ணின் பிழைப்புப் போராட்டமாகிவிட்டது. நகர சபைக் கூட்டத்தில் போய்ச் சண்டை போடுகிறாள், ஊர்ப் பெரியவர்களைச் சிநேகம் பிடிக்கிறாள், பிடித்த சிநேகத்தால் சிக்கலில் மாட்டுகிறாள். பேய்ப்படத்தின் ஒரு மூலைத் தகவல் பல எபிசோடுக்குத் தீனி போட்டது. தழுவல் வேலையில் நான் மிகவும் மதிக்கும் திறமை இதுதான். மூலப்படத்தை மறுபடி பார்க்கும்போது கத்தியை விட்டுவிட்டு, பாத்திரங்கள் போகிற போக்கில் சொல்லும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் சீசனில் கதை கடைசியில் படம் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. மரியன் கிரேன் என்ற பெண் பணத்தோடு விடுதிக்கு வருகிறாள், நடித்தவர் பாடகி ரிஹானா. உலகமே அறிந்த குளியலறைக் காட்சி அது. ஹிட்ச்காக் ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தக் காட்சிக்கு ஏழு நாள் செலவிட்டு 78 கோணங்களில் எடுத்தார். அதோடு யார் போட்டி போட முடியும்? தொடரின் எழுத்தாளர்கள் போட்டிக்கே போகவில்லை. மரியன் குளிக்கிறாள், திரை அசையுமா என்று நாம் பார்க்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை. அவள் வெளியே வந்து, காரை எடுத்துக்கொண்டு உயிரோடு போய்விடுகிறாள். பிறகு அதே குளியலறையில் கத்திக்குத்துப் படுவது அவளை ஏமாற்றிய காதலன் சாம் லூமிஸ். கத்தியைப் பிடித்த கை படத்தில் போல அம்மாவின் வேடத்தில் வரவில்லை, நார்மனாகவே வந்தது. ரசிகர் எதிர்பார்த்த இடம், எதிர்பார்த்த கத்தி, ஆனால் செத்தவர் வேறு, கொன்றவன் நிலை வேறு. நாற்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் அந்தப் பையனோடு வாழ்ந்த பிறகு, அவன் தானாகவே கொன்றுவிட்டான் என்பதுதான் நம்மை உலுக்குகிறது. புகழ்பெற்ற காட்சி உங்கள் கதைக்குள் வருகிறது என்றால், அதை நகல் எடுக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அந்தக் காட்சிக்குப் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடியுங்கள்.

நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ராபர்ட் ரோட்ரிகஸ் தான் 1996-இல் இயக்கிய ‘ஃப்ரம் டஸ்க் டில் டான்’ படத்தை 2014-இல் தன் சேனலிலேயே தொடராக்கினார். முதல் சீசனின் பத்து எபிசோடும் பெரும்பாலும் அதே கதைதான். படத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் மதுக்கடைக் காட்சி, முதல் எபிசோடை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பியது. அந்தப் படத்தின் மகிழ்ச்சியே பாதியில் வரும் திருப்பம்: கொள்ளையர் கதை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ரத்தக் காட்டேரிக் கதையாகிவிடும். படம் பார்த்தவர்களுக்குத் திருப்பம் தெரியும், வாரக்கணக்கில் அதற்காகக் காத்திருக்க வைத்தால் காத்திருப்பில் பதற்றம் இருக்காது, அலுப்புதான் இருக்கும். புராணப் பின்னணியைச் சேர்த்துக் கதையை அகலமாக்க அவர் முயன்றார், அதில் நல்ல இடங்களும் இருந்தன. ஆனாலும் தண்ணீர் ஊற்றிய ரசம் என்று தெரிந்துவிடுகிறது.

பத்திரத்தைப் படியுங்கள்

கதை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எழுத்தாளர்கள் இதை வக்கீல் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பட வரிசையின் உரிமை என்பது ஒரே துண்டு நிலம் போல இருப்பது அரிது. பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு மாதிரி, கூடம் ஒருவருக்கு, கிணறு இன்னொருவருக்கு என்று கிடக்கும்.

தாமஸ் ஹாரிஸ் எழுதிய, ஹன்னிபல் லெக்டர் என்ற கொலைகாரனின் கதைகள் இதற்குப் பாடப்புத்தகம். முதல் நாவலை டினோ டி லாரன்டிஸ் 1986-இல் ‘மேன்ஹன்டர்’ என்று எடுத்தார், ஓடவில்லை. அடுத்த நாவலை ஒரையன் நிறுவனம் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதுதான் 1991-இன் ‘த சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்’, ஐந்து முக்கிய ஆஸ்கர் விருதுகள் வாங்கிய படம். ஒரையனின் சொத்து பிறகு எம்ஜிஎம் கைக்குப் போனது. விளைவு, லெக்டர் ஒரு தரப்பிடம், அவனைத் தேடி வரும் கிளாரிஸ் ஸ்டார்லிங் இன்னொரு தரப்பிடம். பிரையன் ஃபுல்லர் 2013-இல் என்பிசி-க்கு ‘ஹன்னிபல்’ தொடரை எழுதியபோது கிளாரிஸைத் தொட முடியவில்லை. 2021-இல் சிபிஎஸ் ‘கிளாரிஸ்’ தொடரை எடுத்தபோது லெக்டரின் பெயரைக்கூட உச்சரிக்க முடியவில்லை.

இரண்டு தொடர்களும் இந்த ஊனத்தை எப்படிச் சமாளித்தன என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஃபுல்லர் பின்னோக்கிப் போனார். லெக்டர் பிடிபடுவதற்கு முன், வில் கிரகாம் என்ற புலனாய்வாளனோடு அவனுக்கு இருந்த உறவை நாவல் கொஞ்சமாகத்தான் தொட்டுச் சொல்கிறது. அந்தக் கொஞ்சத்தை எடுத்து, நட்பும் வேட்டையும் ஒன்றாகக் கலந்த 39 எபிசோடுகளாக வளர்த்தார். கிளாரிஸ் இருக்க வேண்டிய இடத்தில் மிரியம் லாஸ் என்ற பயிற்சி மாணவியைப் படைத்தார். கிடைக்காததை நினைத்துத் தொடர் ஏங்கவே இல்லை. ‘கிளாரிஸ்’ தொடர் முந்தைய வழக்கின் காயத்தோடு நாயகியைக் காட்டியது, ஆனால் அந்தக் காயத்தின் மையத்தில் இருந்தவன் பெயரற்ற ஓட்டையாகவே நின்றான். அந்த ஓட்டையைப் பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே சீசனில் நின்றுபோனது. கிடைக்காத பாத்திரத்தின் நினைவிலேயே கதை வாழ வேண்டியிருந்தால், அந்தத் தொடரை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றே நான் சொல்வேன்.

இன்னும் சிறிய பொருள்களும் காலை வாரும். ‘ஸ்க்ரீம்’ படத்தின் அலறும் வெள்ளை முகமூடி படத்துக்காகச் செய்ததல்ல, ஃபன் வேர்ல்ட் என்ற நிறுவனம் கடைகளில் விற்ற வேட முகமூடி. தொடரின் முதல் இரண்டு சீசன்களில் வேறொரு முகமூடிதான் வந்தது. பழைய முகமூடி 2019-இல் மூன்றாம் சீசனில்தான் வந்தது, அதற்குள் கதையும் ஆட்களும் புதிதாகிவிட்டார்கள். ‘ஆஷ் வெர்சஸ் ஈவில் டெட்’ தொடரின் முதல் சீசன், மூன்றாம் படமான ‘ஆர்மி ஆஃப் டார்க்னஸ்’ நடந்ததாகவே காட்டிக்கொள்ள முடியவில்லை. அந்தப் படத்தின் உரிமை வேறிடத்தில் இருந்தது. ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ கதை இன்னும் சிக்கல். அமெரிக்கச் சட்டப்படி எழுத்தாளர் 35 ஆண்டுக்குப் பிறகு, விற்ற உரிமையைத் திரும்பக் கேட்கலாம். 1980-இல் முதல் படத்தை எழுதிய விக்டர் மில்லர் அப்படிக் கேட்டு, 2018-இலும் மேல்முறையீட்டில் 2021-இலும் வென்றார். ஹாக்கி முகமூடியோடு நாம் அறிந்த கொலைகாரன் ஜேசனோ பிற்பாடு வந்த பாகங்களில் உருவானவன், முகமூடி 1982-இன் மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. யாருக்கு எது சொந்தம் என்று கேட்டால் படம் படமாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்தப் படம், எந்தெந்தப் பெயர், எந்த முகமூடி, எந்த இசை.

பெயர் மட்டும் கிடைத்துக் கதை கிடைக்காமல் போவதும் உண்டு. 1987 முதல் 1990 வரை ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ என்ற பெயரிலேயே 72 எபிசோடு ஓடிய தொடரில் ஜேசன் ஒரு முறைகூட வரவில்லை. சாபம் பிடித்த பழம்பொருள்களை ஒரு கடைக்காரர் விற்றுவிட்டுச் சாகிறார், கடை வாரிசுரிமையாகக் கிடைத்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மீட்கிறார்கள். வாரம் ஒரு பொருள், வாரம் ஒரு சாபம். தொடருக்கு இதைவிட நல்ல எந்திரம் கிடையாது. ஆனால் ஜேசனைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம். அதே காலத்தில் ‘ஃப்ரெடிஸ் நைட்மேர்ஸ்’ தொடரில் ஃப்ரெடி வந்தான், ஆனால் பெரும்பாலும் கதை சொல்லியாக. வாரா வாரம் வந்து வணக்கம் சொல்லும் கொலைகாரனைக் கண்டு எந்தக் குழந்தையும் பயப்படாது. பெயரை வாங்கினால் அந்தப் பெயர் கொடுத்த வாக்கையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

பேயை எவ்வளவு காட்டுவது

குறைவாகக் காட்டு என்பது பழைய அறிவுரை, படத்துக்குப் போதும். பத்து மணி நேரத்துக்குக் குறைவாகக் காட்டிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒளிக்கிறார்கள் என்ற எரிச்சல் வந்துவிடும். இரண்டு வழிகள் உருப்படியாக வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

ஒன்று, பேயை விட்டுவிட்டு அது குடியிருக்கும் இடத்தை எடுத்துக்கொள்வது. நெட்ஃபிளிக்ஸில் 2020-இல் வந்த ஜப்பானியத் தொடர் ‘ஜு-ஆன்: ஆரிஜின்ஸ்’ அப்படித்தான் செய்தது. படங்களில் மாடிப்படியில் தவழ்ந்து வந்து உலகத்தையே அலறவைத்த கயாகோ அதில் இல்லை. வீடு இருக்கிறது. 1988-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக்குள் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை. பின்னணியில் ஓடும் டிவியில் ஜப்பானை உலுக்கிய உண்மைச் செய்திகள் வருகின்றன. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையும் வெளியே நாடு பார்த்த கொடுமையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். பேய் வரவே தேவையில்லாத எபிசோடில்தான் எனக்கு அதிகம் வயிற்றைப் பிசைந்தது. மொத்தம் ஆறே எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போல. அந்த அளவு மிக முக்கியம். ஸ்டார்ஸ் சேனலின் ‘ஆஷ்’ தொடரும் அரை மணி நேரம்தான். பயமும் சிரிப்பும் சுருக்கமாக இருந்தால் காரம் போகாது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று சேனல் சொன்னால், ஏன் என்று திருப்பிக் கேட்கத் தயங்காதீர்கள். விளம்பர இடைவெளி உள்ள சேனல் என்றால் கவனம் இன்னும் வேண்டும். அமெரிக்காவில் ஒரு மணி நேர இடத்தில் கதைக்குக் கிடைப்பது நாற்பத்துச் சொச்சம் நிமிடம், அதுவும் துண்டு துண்டாக. மெதுவாக ஏறும் பயத்தை சோப்பு விளம்பரம் குறுக்கே வந்து கழுவிவிடும். ஒவ்வொரு துண்டும் தனியாக ஏறி, பதில் கிடைக்காத ஒரு கேள்வியில் நிற்கும்படி எழுத வேண்டும்.

இன்னொரு வழி, பேயைத் தாராளமாகக் காட்டி, பேசவிடுவது. 2021-இல் வந்த ‘சக்கி’ இதைச் செய்தது. ஹேக்கன்சேக் என்ற ஊரில் ஜேக் என்ற பையன், அன்பில்லாத வீடு, பள்ளியில் கேலி. பழைய பொருள் விற்பனையில் சக்கி என்ற அந்தக் கொலைகாரப் பொம்மையை வாங்கி வருகிறான். பொம்மை அவனைக் கொல்ல வரவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னைத் துன்புறுத்துகிறவளை நீயே கொன்றுவிடு என்று ஓதுகிறது. அடுத்த வாரம் யார் சாவார் என்ற கேள்வி, இந்தப் பையன் கொலைகாரன் ஆவானா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. பின்னதற்கு ஆயுள் அதிகம். 1988 முதல் படத்திலிருந்தே இந்த வரிசையை எழுதி வந்த டான் மான்சினிதான் தொடரையும் உருவாக்கினார், பொம்மையின் குரல் அதே பிராட் டூரிஃப். அதனால் ஏழு படங்களின் கதையும் உதறப்படாமல் தொடருக்குள் வந்தது. பழைய ரசிகர்களுக்கு அது சொந்த வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருந்தது, புதியவர்களுக்கு ஜேக் போதும். பழங்கதையை எவ்வளவு சுமப்பது என்று குழம்பும்போது இந்த ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: புது ஆள் வாசலில் நிற்க வேண்டும், பழைய ஆட்கள் உள்ளறையிலிருந்து ஒவ்வொருவராக வரலாம். ஃபாக்ஸின் ‘த எக்சார்சிஸ்ட்’ 2016-இல் இதையே இன்னும் அழகாகச் செய்தது. பேய் பிடித்த மகளோடு தவிக்கும் அந்தத் தாய், படத்தில் பேய் பிடித்திருந்த ரீகன் என்ற சிறுமியேதான் என்பது ஐந்தாவது எபிசோடில்தான் தெரிகிறது. அதற்குள் அந்தக் குடும்பத்தின் மேல் நமக்குப் பிடிப்பு வந்துவிட்டதால், அது வெறும் வித்தையாக நிற்காமல் துக்கமாக இறங்கியது.

கடைசியாக, முடிவு. படத்துக்கு முடிவு உங்கள் கையில். தொடருக்கு அது பெரும்பாலும் சேனல் கையில். ‘சக்கி’ மூன்று சீசனோடு 2024-இல் நிறுத்தப்பட்டபோது, நாயகப் பிள்ளைகள் மரப்பொம்மைகளாக அடைபட்ட நிலையில் கதை தொங்கிவிட்டது. ‘ஹன்னிபல்’ தொடரையும் மூன்றாம் சீசனில்தான் நிறுத்தினார்கள். ஆனால் ஃபுல்லர் எழுதியிருந்த கடைசிக் காட்சியில், இரண்டு நண்பர்களும் ஒருவரை ஒருவர் அணைத்தபடி மலை விளிம்பிலிருந்து கடலை நோக்கி விழுகிறார்கள். அடுத்த சீசன் வந்தால் பிழைத்தார்கள் என்று தொடங்கலாம். வராவிட்டால் அதுவே முடிவு. ஒவ்வொரு சீசனின் கடைசி எபிசோடையும் இப்படி இரண்டுக்கும் இடம் வைத்து எழுதுங்கள், பார்வையாளர் உங்களை நம்பிக் கொடுத்த நேரத்துக்கு அது நீங்கள் செலுத்த வேண்டிய கடன். ‘பேட்ஸ் மோட்டல்’ அம்மாவையும் மகனையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்துவிட்டு, ஐந்து சீசன், 50 எபிசோடோடு 2017 ஏப்ரலில் முடிந்தது.